அகதி முகாமுக்கு ரோபோ கொண்டுவருகிறவர்களுக்கு

அகதிகளுக்குத் துணையாக ரோபோ வடிவமைத்துக்கொண்டிருக்கும் ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தாருக்கு,

வணக்கம். ஜேர்மனியில் தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்குப் பல வருசமாகத் தமிழ் மொழிபெயர்க்கிறேன். உங்கள் ரோபோ பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும், தனியாக இருப்பவர்களோடு நாலு வார்த்தை கதைக்கும் என்கிறீர்கள். சரி. முகாமில் பொழுது எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும், பேச்சுத்துணைக்கு ஒரு பொம்மை வந்தாலும் சிலருக்கு ஆறுதலாகத்தான் இருக்கும்.

எனக்குப் பயமே அந்த நாலு வார்த்தையில்தான்.

ஒருமுறை தஞ்ச விசாரணையில் ஒரு பிள்ளை "எனக்கு ரெண்டு அண்ணன்மார்" என்றாள். முதல் நாள் பதிவில் ஒரு சகோதரர் என்றுதான் இருந்தது. அதிகாரி தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மற்ற அண்ணன் பெரியப்பாவின் மகன், எங்களுக்கு அவரும் அண்ணன்தானே, இதை அனுமதி கேட்டு நான் விளக்கி, அது பதிவில் ஏறுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அந்த அறையிலாவது பதிவைத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டுவோம், பிழை இருந்தால் திருத்தலாம், பிறகுதான் கையெழுத்து. உங்கள் ரோபோ ஒரு மாலையில் சும்மா "உனக்கு எத்தனை சகோதரர்?" என்று கேட்டு அவள் இன்னொரு பெரியப்பா மகனையும் சேர்த்து மூன்று என்று சொன்னால், அந்த மூன்று எங்கே போய்க் கிடக்கும்? அதை யார் அவளுக்கு வாசித்துக் காட்டுவது?

வீண் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 45 லட்சம் யூரோவில் தொடங்கிய ஐபோர்டர்கன்ட்ரோல் திட்டத்தில், திரையில் ஒரு எல்லைக்காவலர் உருவம் வந்து கேள்வி கேட்க, கேமரா பயணியின் முகத்தைப் பார்த்துப் பொய்யா மெய்யா என்று கணித்தது. 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையிடத்திலும் பள்ளியிலும் முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிப்பதைப் பெரும்பாலும் தடைசெய்தது. தஞ்சம் கேட்பவருக்கு அந்தத் தடை இல்லை, 'அதிக ஆபத்து' என்று, நிபந்தனையோடு அனுமதிக்கும் பட்டியலில் சேர்த்ததோடு சரி. தஞ்சம் கேட்பவர்களின் கைரேகையைச் சேமிக்கும் ஐரோப்பியத் தரவுத்தளமான யுரோடாக்கில் கைரேகை எடுக்கும் வயதையும் அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டம் 14இலிருந்து 6ஆகக் குறைத்தது. நீங்கள் மொழி சொல்லிக்கொடுக்க நினைக்கிற பிள்ளைகளின் வயதும் கிட்டத்தட்ட அதுதான்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது, நெதர்லாந்தில் 200க்குக் கிட்டப் பிள்ளைகளை வைத்து நாவோ என்ற சிறிய மனித உருவ ரோபோவைக் கொண்டு ஆங்கிலச் சொற்கள் கற்பித்துப் பார்த்தார்கள். வெறும் டேப்லெட்டில் படித்த பிள்ளைகளும் அதே அளவு கற்றார்கள். அந்தக் காசுக்கு ஒரு ஆசிரியையை வைக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது, விடுங்கள்.

கட்டாயம் ரோபோதான் என்றால், கேட்டதைச் சேமிக்காத ரோபோவைச் செய்யுங்கள். அணைக்கிற பொத்தான் பொறியாளருக்கு மட்டும் தெரிந்த மெனுவுக்குள் இருக்கக் கூடாது, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் பேசாமல் இருந்தால் 'பேசுங்கள்' என்று தூண்டவும் வேண்டாம், சில வேளை அந்த மௌனத்துக்கு வழக்கறிஞர் சொன்ன காரணம் இருக்கும்.

போன குளிர்காலத்தில் விசாரணைக்கு முன், காத்திருந்த ஒரு அம்மாவிடம் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதையும் எழுதுவினமோ?" என்றார்.

உங்கள் ரோபோவிடமும் இதைக் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அது 'இல்லை' என்றால், தமிழ் வசனங்களைத் திருத்தித்தர நானே வருகிறேன்.