வலிப்பும் குழந்தையின் இதயமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தகுந்த இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் அடங்காத வலிப்பை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்பர். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இவ்வகையினர். எங்கள் மகளும் அவர்களில் ஒருத்தி. இந்நோய் மூளையோடு முடிந்துவிடும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். ஆனால், இதயத்துடிப்பைச் சீர்செய்யும் தன்னியக்க நரம்புகள் மூளையின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதால், வலிப்பின்போது துடிப்பு மிக விரைவதும், அரிதாகச் சில நொடிகள் நின்றே போவதும் உண்டு. வலிப்பு அடங்காத குழந்தைகள் பலரிடம், வலிப்பில்லாத வேளையிலும் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைந்து காணப்படுகிறது. கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகளும் இதயத்தின் மின்கடத்தலைப் பாதிக்கக்கூடும். (இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், அது பெரும் ஆபத்து.) மறுபுறம், பிறவியிலேயே வரும் சில இதயத்துடிப்புக் கோளாறுகள் வலிப்பென்றே தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

இவ்வளவுக்கும், எட்டு ஆண்டுகளில் எங்களிடம் இசிஜி (இதயத்தின் மின்செயல்பாட்டைப் பதிவுசெய்யும் சோதனை) எடுக்கச் சொன்னவர் ஒருவருமில்லை. அதற்குச் சில நிமிடங்களே போதும். கொண்டை ஊசி வளைவுகளில் வலிப்புள்ள குழந்தையோடு கோவைக்கு இறங்கி ஏறுவதன் பாடு மலையில் வாழ்வோர்க்குத் தெரியும். எனவே, நீலகிரியின் வட்டார அரசு மருத்துவமனைகளிலேயே இத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சையின் தொடக்கத்திலும், மருந்து மாற்றும்போதும் இசிஜி எடுத்து, மாறுபாடு தெரிந்தால் மட்டும் கீழே அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோத்தகிரி.