15 நாளில் தாடை வலி போகும் என்று சொல்லி ஸ்பிளின்ட் விற்றது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், தலைமை அலுவலகம்

ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. கடந்த ஜூன் மாதம் உங்கள் பல் மருத்துவமனையின் மதுரைக் கிளையில் தாடை வலிக்காக ஸ்பிளின்ட் (இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை) செய்து வாங்கினேன். இடது காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் ‘டக்’கென்று சத்தம், காலையில் கன்னம் இறுகிக் கிடக்கும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று மருத்துவர் சொன்னார். அவர் பரிசோதித்ததில் குறையில்லை. மேல்வரிசைப் பற்களுக்குக் கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்பிளின்ட்டும் தரமானதுதான். அதை என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

பணம் கட்டும் இடத்தில் இருந்த ஆலோசகர், 15 நாளில் வலியும் சத்தமும் சுத்தமாகப் போய்விடும் என்றார். உங்கள் விளம்பரத் தாளிலும் ‘நிரந்தரத் தீர்வு’ என்றே இருந்தது. நம்பி 12,000 ரூபாய் கட்டினேன்.

முதல் இரவே எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. காலையில் கழற்றினால் மேல்பல்லும் கீழ்பல்லும் சேராத மாதிரி இருந்தது. இட்லியை மெல்லக்கூடப் பயந்தேன். கடியே மாறிவிட்டதோ என்று ஒருநாள் அழுதுவிட்டேன். கிளைக்குப் போன் செய்தால், “பழகிடும்மா” என்று வைத்துவிட்டார்கள். ஸ்பிளின்ட்டைப் போட்டுக் கடித்தால் வலது பக்கம் மட்டும் முதலில் இடித்தது. அதைச் சொன்னபோதும் வரச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

அப்புறம் ஆறு வாரம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் வண்ணத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, ஸ்பிளின்ட்டில் மேடாக இருந்த இடத்தைத் தேய்த்துச் சரி செய்தார். பத்து நிமிட வேலை. ஸ்பிளின்ட் பல் தேய்வதைத் தடுக்கும், தசைக்கும் மூட்டுக்கும் சுமையைக் குறைக்கும், ஆனால் பல் கடிக்கும் பழக்கத்தை நிறுத்திவிடாது என்று விளக்கினார். வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெல்லத்தான் குறையுமாம். சத்தம் போகாமலும் இருக்கலாம், வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. காலையில் கடி வித்தியாசமாகத் தெரிவது கொஞ்ச நேரத்தில் சரியாக வேண்டும். நாள் முழுக்க நீடித்தாலோ வலி கூடினாலோ போடுவதை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். பகலில் பற்களைச் சேர்த்து வைக்காமல் இருப்பது, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி விடும்போது தாடையைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் வைத்தியத்தில் சேர்த்தியாம். சூடான தண்ணீரில் கழுவினால் ஸ்பிளின்ட் வளைந்துவிடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதுவரை வெந்நீரில்தான் கழுவினேன்!

இப்போது காலை வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, சத்தம் இருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தால் ஆறு வாரம் வலியோடு பாடம் நடத்தியிருக்க மாட்டேன்.

‘15 நாள்’, ‘நிரந்தரத் தீர்வு’ என்ற பேச்சை நிறுத்துங்கள். ஸ்பிளின்ட் வாங்குபவர்களுக்குத் தமிழில் ஒரு விளக்கத் தாள் கொடுங்கள். சரிசெய்யும் வருகைகளுக்கான தேதியை அன்றே குறித்துத் தாருங்கள். வெளியே சரிசெய்ய நான் கொடுத்த 800 ரூபாயையும் திருப்பித் தரவேண்டும். ரசீது இணைத்துள்ளேன். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மதுரைக் கிளை நோயாளி