மண்டியிட்ட அப்பா

அன்புள்ள கயலுக்கு,

அம்மா முகத்தை எத்தனை முறை வரைந்தாலும் வேறு யாரோ மாதிரி வருகிறது, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று போனில் அழுதாய். எனக்கு அப்போது பேச்சே வரவில்லை. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்குப் படத்தைக் காட்டித்தான் எதையும் சொல்ல வரும்.

பெல்ஜியத்தில் நீ இருக்கும் கென்ட் நகரத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை, விளாட்ஸ்லோவில் ஜெர்மன் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கெத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் பெண் சிற்பி செய்த இரண்டு கருங்கல் சிலைகள்: மண்டியிட்ட அம்மா, மண்டியிட்ட அப்பா. அவருடைய இளைய மகன் பேட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் போரில் செத்துப்போனான். வயது 18. பட்டாளத்தில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். கோல்விட்ஸின் கணவர் கார்ல் முடியாது என்றார். அவரிடம் மன்றாடி வாங்கிக் கொடுத்ததே கோல்விட்ஸ்தான். அந்த உறுத்தல் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

அந்த டிசம்பரிலேயே நினைவுச் சிலைக்கு வரையத் தொடங்கிவிட்டார். முதலில் யோசித்தது, மகன் நீட்டிப் படுத்திருக்க, தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. சரிவரவில்லை. 1919-ல் கைவிட்டார். சில வருஷம் கழித்து மறுபடி எடுத்தார். சிலைகள் கல்லறைக்கு வந்து சேர்ந்தது 1932-ல். (அப்போது வேறு தோட்டம்; பிறகுதான் பேட்டரின் கல்லறையோடு விளாட்ஸ்லோவுக்கு மாற்றினார்கள்.) அம்மா போய் உனக்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது, கயலு.

அத்தனை வருஷத்துக்குள் கோல்விட்ஸின் சிலையிலிருந்து மகனே போய்விட்டான், கவனித்தாயா? மிஞ்சியது பெற்றவர்கள் மட்டும். அம்மாவுக்குக் கோல்விட்ஸின் முகம், அப்பாவுக்குக் கார்லின் முகம்.

அந்த அப்பாவை போட்டோவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிமிர்ந்த முதுகு. இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அம்மா குனிந்து கிடக்கிறாள். அவள் தோளில் கை வைக்கவில்லை. இருவருக்கும் தனித்தனிப் பீடம். என்ன மனுஷன் இவர் என்று முன்பெல்லாம் நினைப்பேன். காரியத்தன்று நீ கூடத்தில் அழுதுகொண்டிருந்தபோது, நான் கொல்லையில் துவைகல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேனே, அதற்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கால் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வா. ஸ்வெட்டரை மறக்காதே. அந்த இரண்டு சிலைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும் என்று போட்டோவில் சரியாகத் தெரியவில்லை. நடந்து பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா