உறக்கப் பகுதிக்குப் பாதி நேரம்

அன்புள்ள கண்ணம்மா,

நீயும் உன் குழுவும் விவால்டியின் 'லா நோத்தே'யை ('இரவு') வாசிக்கப் போகிறீர்கள் என்று உன் கடிதத்தில் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. 1729 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய பத்தாவது தொகுப்பில் இரண்டாவது கான்செர்டோ அது, குழலை முன்னிறுத்தி மற்ற கருவிகள் துணைபோகும் படைப்பு, ஜி மைனர். பேய்கள் வரும் பிரெஸ்டோ என்ற வேகப் பகுதியை நினைத்துத்தான் நீ கவலைப்படுகிறாய். நாள்தோறும் மெதுவாகச் சாதகம் செய்தால் அது கைக்கு வந்துவிடும். கச்சேரி கெடுவது 'இல் சோன்னோ' என்ற உறக்கப் பகுதியில்தான். ஒத்திகையில் பாதி நேரத்தை அதற்குக் கொடு.

முதலில், ஹார்ப்சிகார்ட் (கம்பிகளை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகைக் கருவி) எந்தச் சுருதியில் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடு. ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் கட்டியிருந்தால், 440-இல் இருக்கும் உன் குழலைவிட அரை சுரம் கீழே இருக்கும். குழலின் தலைப்பகுதியை வெளியே இழுத்து அதை எட்ட முடியாது. சுர இடைவெளிகளே குலைந்துவிடும். இரண்டு வயலின், வயோலா, செல்லோ ஒவ்வொருவர் போதும். அதற்கு மேல் போனால் குழலின் கீழ்ச் சுரங்கள் அமுங்கிவிடும். நல்ல பஸ்ஸூன்காரர் (தாழ்ந்த சுரங்கள் ஊதும் மரக் குழல் வாசிப்பவர்) கிடைத்தால், விவால்டி படைப்புப் பட்டியலில் ஆர்வி 104 என்ற எண்ணுள்ளதையும் பாருங்கள். இதே இசையின் சிறிய வடிவம் அது, வயோலா தேவையில்லை.

இனி உறக்கப் பகுதி. நீண்ட சுரங்கள் மட்டுமே. ஒருவர் பிடித்த சுரத்திலேயே நிற்க, இன்னொருவர் நகர்வார். உரசல் பிறந்து, மெல்லத் தணியும். அந்த உரசல்தான் இதன் உயிர். சுருதி சற்றுப் பிசகினால் உரசல் எது, பிழை எது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும். மெதுவாக ஊதும்போது காற்றின் வேகம் குறைந்து குழல் சுருதி இறங்கும். ஒலியைக் குறை, வேகத்தைக் குறைக்காதே: உதட்டுத் துளையைச் சிறிதாக்கி, காற்றைக் கொஞ்சம் மேலே திருப்பு. சுரத்தை நடுங்கவைக்கும் அதிர்வு (விப்ராட்டோ) வேண்டாம். வில்காரர்கள் விரல்பலகைப் பக்கம் மெதுவாக இழுக்கட்டும்.

ஹார்ப்சிகார்ட் இல்லாமல் ஒரு ஒத்திகை வையுங்கள். சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு கார்டிலும் நின்று, செல்லோவின் சுரத்தைக் கேட்டு மற்றவர்கள் சேருங்கள். அரைச் சுரங்கள் எல்லாம் ஒரே அளவாக வைக்கப்படும் சம இடைவெளிச் சுருதியில் ஜி-க்கு மேல் பி ஃபிளாட் 16 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்தே இருக்கும். தூய சுரம் அதற்கு மேலே. மைனர் கார்டுகள் மந்தமாகக் கேட்பது அதனால்தான். ஹார்ப்சிகார்ட் பிறகு வந்து சேர்ந்தாலும் பயமில்லை, அதன் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

லார்கோ என்ற மெதுவான தொடக்கப் பகுதியின் ட்ரில்களை (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறிமாறி ஒலிப்பது) மேல் சுரத்தில் தொடங்கு, மெதுவாகவே தொடங்கி வேகம் கூட்டு. எடுத்ததுமே முழு வேகத்தில் போனால் அச்சம் பிறக்காது.

'நான்கு பருவங்க'ளில் வரும் 'இலையுதிர்கால'த்தின் உறக்கத்துக்கு விவால்டி மியூட் (வில் கருவிகளின் ஒலியை அடக்கும் சிறு துண்டு) கேட்கிறார்; இங்கும் போடச் சொல்வேன். ஆறு பகுதிகளும் ஏறக்குறைய நிறுத்தமின்றி ஓடுவதால், தேடி எடுத்து மாட்ட நேரம் இருக்காது. பாலத்துக்குப் பின்னால் கம்பியிலேயே தங்கி, தேவைப்படும்போது நகர்த்தும் ரப்பர் மியூட் நான்கு பேரிடமும் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா