நீளமான சொல் வேண்டாம், மாப்பிள்ளை

கீழக்கரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? முழங்கால் வலி தேவலையா? வலி விட்டுவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடாதே. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போக ஆரம்பித்துவிட்டன. கச்சான் காற்று ஓயாமல் அடிக்கிறது. வீட்டுக்குள் எங்கே கை வைத்தாலும் மணல்.

நீ அனுப்பிய அரிய ஆங்கிலச் சொற்களின் பட்டியலை ஒன்றுவிடாமல் படித்தேன். வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு நாம் இரண்டு பேரும் இந்தச் சேகரிப்பில் இறங்கியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீ முதலிடம் கொடுத்திருக்கும் நுரையீரல் நோயின் பெயர், அந்த 45 எழுத்துச் சொல், 1935-ல் அமெரிக்காவில் புதிர்ப் பிரியர்களின் சங்கத் தலைவர் ஒருவர் நீளத்துக்காகவே கோத்தெடுத்தது. டாக்டர்கள் சிலிகோசிஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதை என் நோட்டில் ஏற்ற மனம் வரவில்லை. யாரோ பிழைப்புக்காகத் தினமும் சொல்லிப் புழங்கிய சொல்தான் எனக்கு வேண்டும். நமக்குத்தான் அது அரிது, அவர்களுக்கு அன்றாடப் பேச்சு.

லாகன் என்ற சொல்லை எடுத்துக்கொள். இங்கிலாந்தின் கடல் சட்டத்தில் கப்பல் சேதத்தை நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கப்பல் உடைந்து தானாக மிதக்கும் சரக்கு ஃப்ளாட்சம். கனம் குறையட்டும் என்று மாலுமிகளே கடலில் வீசியது ஜெட்சம். மூழ்கும் சரக்கில் போயா, அதாவது மிதவை கட்டி, அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுப்போனால் லாகன். இனி கிடைக்காது என்று கைகழுவியது டெரலிக்ட். 1995-ம் வருஷத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டத்தில்கூட நாலும் இருக்கின்றன. எதற்கு இத்தனை பிரிவு என்றால், பொருள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அதில்தான் இருந்தது. போயா கட்டியிருக்கிறதா, உடையவன் இன்னும் உரிமையை விடவில்லை. ஒரு கயிற்றுக்கும் மிதவைக்கும் சட்டத்தில் ஒரு தனிச் சொல்!

இங்கே கடலில் மீன்கூடு போடுகிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நண்டு வலைக்குப் போயா கட்டுவோம், கூட்டுக்குக் கட்டமாட்டேன், கட்டினால் இன்னொருத்தன் தூக்கிவிடுவான் என்றார். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். பள்ளிவாசல் மினாராவும் அதற்கு முன்னால் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். பக்கவாட்டில் தீவின் முனை இன்ன மரத்துக்கு நேரே தெரிய வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கீழே கூடு கிடக்கிறது. லாகனுக்குப் பக்கத்திலேயே அந்தப் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன். நீ வரும்போது பார்.

ஸ்லாட்ச் என்று இன்னொன்று. மோசமான வானிலைக்கு நடுவே கொஞ்ச நேரம் கிடைக்கும் தெளிவு. பழைய மாலுமிகளின் சொல். தென்கடலில் அலை அடங்கும் நேரம் பார்த்து வள்ளம் இறக்குகிறவர்களைக் கண்டவனுக்கு அகராதி விளக்கமே தேவையில்லை.

உன் பட்டியலில் சாங்க் இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம். அது நம் சங்கேதான். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியிலேயே இருக்கிறது. நம் சங்குகுளிகள் மூச்சடக்கி முங்கி எடுத்த சங்கு, வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போனது. அந்த வியாபாரத்தோடு பெயரும் ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. லண்டனில் இன்று யாருக்கும் தெரியாத சொல், கீழக்கரையில் கடைப்பேச்சு.

யாரும் சொல்லாத சொல்லுக்கு என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1934-ல் வெளியான வெப்ஸ்டர் பெரிய அகராதியில் டோர்ட் என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. உண்மையில் அடர்த்திக்குச் சுருக்கமாகப் பெரிய டி அல்லது சின்ன டி போடலாம் என்று வேதியியல் ஆசிரியர் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்த இரண்டு எழுத்தும் நடுவில் 'அல்லது' என்ற பொருளில் இருந்த 'ஆர்' (or) என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக அச்சேறிவிட்டது. இதற்கு வேர்ச்சொல்லே கொடுக்கவில்லையே என்று 1939-ல் ஒருவர் கவனித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆக்ஸ்போர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மரே 1879-ல் பொதுமக்களிடம் உதவி கேட்டபோது, சொல்லை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லவில்லை. அது வரும் வாக்கியம், புத்தகம், பக்கம், வருஷம் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். நாமும் அப்படியே செய்வோம்.

பட்டியலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே இடம் விட்டிருக்கிறேன். எங்கே படித்தாய், யார் சொல்லிக் கேட்டாய் என்று எழுது. பெட்ரிகோருக்கு நானே எழுதிவிட்டேன்: மழை விழுந்த காய்ந்த மண்ணின் வாசம், 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் நேச்சர் இதழில் வைத்த பெயர். உன் அப்பா ரயில்வேயில் இருந்தவர்தானே, அவர் வாயில் புழங்கிய ஆங்கிலச் சொற்கள் ஏதாவது ஞாபகம் இருந்தால் அவற்றை முதலில் எழுது. தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்