கவனக்குறைவுன்னு எழுதி மூடிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். எங்க மணலி, எண்ணூர் பக்கம் எவனுக்காவது மெஷின்ல கை மாட்டுனா உங்க பேப்பர்ல நியூஸ் வருது, சந்தோஷம், ஆனா கடைசி வரி மட்டும் எப்பவும் 'கவனக்குறைவே காரணம்'. யாருங்க சொன்னாங்க அப்படி, மேனேஜர் தானே?

நான் 25 வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்க பிரஸ் ஷாப்ல, அதாவது இரும்புத் தகட்டை அமுக்கி வடிவமாக்குற மெஷின் இருக்கிற இடத்துல, ஒரு கான்ட்ராக்ட் பையனுக்கு ரெண்டு விரல் போச்சு. ரெண்டு கையாலயும் பட்டனை அமுக்குனாதான் பிரஸ் இறங்கும், அப்புறம் எப்படி கை உள்ள போகும்? ஒரு பட்டனை அமுக்குன மேனிக்கே கறுப்பு டேப் போட்டு இறுக்கி ஒட்டி வெச்சிருந்தாங்க. ஏன்னா டையில, அதான் அச்சுல, ஒட்டிக்கிற பீஸை எடுக்க ஒரு கை ஃப்ரீயா வேணும். காத்தால ஊதித் தள்ள ஏர் கன் இருக்கே? ஹோஸ் கிழிஞ்சு ரெண்டு மாசம், லாக் புக்ல மூணு தடவை எழுதியாச்சு, ஸ்டோர்ல இருந்து வரல. பீஸ் கவுண்ட் குறைஞ்சா இன்சென்டிவ் கட். டேப்பை நானும் பாத்தேன் சார், வாயைத் திறக்கல, சொன்னா ப்ரொடக்ஷன்காரங்க சண்டைக்கு வருவாங்க.

விபத்து ரிப்போர்ட்ல ஹோஸும் இல்ல, டேப்பும் இல்ல. அடிபட்டவன் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியலன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதணும்னு அப்போ இருந்த 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்துச்சு. அதைத் தவிர்க்க, சின்ன அடியா இருந்தா கட்டோட கூட்டிட்டு வந்து டைம் ஆபீஸ்ல உக்கார வெச்சு அட்டெண்டன்ஸ் போட்டுடுவாங்க, இவனுக்கு ரெண்டு விரலே போனதால அது நடக்கல.

டொயோட்டாவுல டாயிச்சி ஓனோன்னு ஒருத்தர், எது நடந்தாலும் அஞ்சு தடவை ஏன்னு கேளுன்னு சொல்லிக்குடுத்தார். அவர் சொன்ன உதாரணம், மெஷின் நின்னுச்சு, ஃப்யூஸ் போச்சு, ஏன்னா பேரிங்ல ஆயில் இல்ல, ஆயில் பம்ப் சரியா இழுக்கல, அதோட ஷாஃப்ட் தேஞ்சிருக்கு, தேஞ்சது எதனாலன்னா வடிகட்டி இல்லாம இரும்புத்தூள் உள்ள போயிருக்கு. ஃப்யூஸை மட்டும் மாத்திட்டுப் போனா அடுத்த மாசமும் நிக்கும். எங்க ஷாப்ல முதல் 'ஏன்'லயே பையன் மேல பழியப் போட்டு ஃபைலை மூடிட்டாங்க.

அதனால உங்க நிருபர்கிட்ட சொல்லுங்க சார், அடுத்த தடவை போனா மேனேஜரோட நிறுத்தாம, அந்த மெஷினோட மெயின்டனன்ஸ் லாக் புக்ல முந்தின ரெண்டு மாசம் என்ன எழுதியிருக்குன்னு கேக்கட்டும். காட்ட மாட்டாங்க, தெரியும். காட்டலன்னு ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு ஃபிட்டர் ஒருத்தர்,
தேரடி, திருவொற்றியூர்