சப்மிட் பட்டன் எங்கே? இணையவழிப் படிப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதல் அசைன்மெண்ட் மதிப்பெண் வெளியான அன்று நடந்த அமளி உங்களுக்குத் தெரியும். புகார்கள் எல்லாம் உங்களிடம்தானே வந்தன. அதனால் ஒருவர் கதையை மட்டும் சொல்கிறேன்.

என்னோடு படிக்கும் அக்கா ஒருவர், இருபது வருடம் கழித்துப் புத்தகத்தைத் தொட்டவர். பிள்ளைகள் தூங்கிய பிறகு நான்கு இரவு உட்கார்ந்து எழுதினார். கடைசித் தேதிக்கு முந்தைய நாளே ஃபைலை ஏற்றிவிட்டார். திரையில் ஃபைலின் பெயர் வந்தது, பக்கத்தில் பச்சை டிக் வேறு. நிம்மதியாக மடிக்கணினியை மூடினார். அந்தப் பக்கத்தை இன்னும் கீழே தள்ளினால் 'சப்மிட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தும்வரை எல்லாம் வெறும் டிராஃப்ட்தானாம். மதிப்பெண் 0. உதவி மையத்தின் பதில் ஒரே வரி: "கையேட்டைப் பார்க்கவும்." பார்த்தோம். 31ஆம் பக்கத்தில், அடிக்குறிப்பில் இருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வகுப்பு தொடங்கும் முன் ஒரு வாரம், மதிப்பெண் இல்லாத ஒத்திகை. சும்மா ஓர் அசைன்மெண்ட், கேமராவை ஓடவிட்டு ஒரு மாதிரித் தேர்வு. தப்பு செய்வதென்றால் அங்கேயே செய்துவிட்டு வருகிறோம்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது 40 நிமிட வரவேற்பு வீடியோ. சுய ஒழுக்கம்தான் முக்கியம் என்று ஐந்து பேர் மாறி மாறிச் சொன்னார்கள். சரி, நான்கு இரவு கண்விழித்தவரிடம் அது இல்லையா? எப்படிப் படிப்பது என்றாவது சொன்னீர்களா? வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட, நிறுத்திவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் பாடம் மனதில் நிற்கும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006லேயே சோதித்துக் காட்டிய விஷயம். நான் அதை வேறெங்கோ படித்துத் தெரிந்துகொண்டேன். 'இரவு 12 மணிக்குள்' என்றால் யாருடைய 12 மணி என்பதையும் வெளிநாட்டில் இருந்து படிப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பாதியில் நின்றால் மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்பீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இணையத்தில் நடத்திய படிப்புகளைப் பற்றி 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். அது இலவசமாக எட்டிப்பார்த்தவர்களையும் சேர்த்து, போகட்டும். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலேயே முடித்தவர்கள் நூற்றுக்கு 46 பேர்தான். பணம் கட்டிவிட்டு அக்கறையில்லாமல் போகிறவர்கள் இத்தனை பேரா?

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அணி சேரும் முன்பாவது அந்த ஒத்திகை வாரத்தை ஏற்பாடு செய்து தாருங்கள். அப்புறம், அந்த அக்காவின் மதிப்பெண்ணையும் தயவுசெய்து மறுபடி பாருங்கள். அவர் ஏற்றிய ஃபைல், தேதியோடும் நேரத்தோடும், இன்னும் டிராஃப்டாக அங்கேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
முதல் பருவ மாணவி ஒருத்தி